ஆர்வி உள்ளே கழிவுத் தொட்டி நாற்றம்: மருந்தா, மூடியா, வாஷரா?

ஆர்வி, அதாவது படுக்கை, சமையலறை, டாய்லெட் எல்லாம் உள்ள வீட்டு வண்டி, வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: உள்ளே நாறுகிறது, எதை வாங்குவது? கடையில் கைக்கு எட்டும் தட்டில் இருப்பது மருந்துப் பாட்டில்தான். வாங்கி ஊற்றுகிறோம், பூ வாசமும் பழைய வாடையும் கலந்து இதுவரை உலகத்தில் இல்லாத புது நாற்றம் ஒன்று வருகிறது, கொஞ்ச நாளில் பூ போய்விடுகிறது, வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. பிறகு இன்னொரு பிராண்ட்.

என் கட்சி இதுதான்: தொட்டி நாறத்தான் செய்யும், அதன் பிழைப்பே அது. அந்த நாற்றம் படுக்கை வரை வருகிறது என்றால் நடுவில் எங்கோ ஒரு வழி திறந்து கிடக்கிறது. ஆகவே பணத்தை வழியை அடைக்கச் செலவழிப்பதா, தொட்டியைக் காற்றோட்டமாக்கச் செலவழிப்பதா, உள்ளே இருப்பதைச் சரிசெய்யச் செலவழிப்பதா என்பதுதான் உண்மையான தேர்வு. பெரும்பாலானவர்கள் மூன்றாவதில் தொடங்குகிறார்கள். நான் முதலாவதில் தொடங்கச் சொல்வேன், ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

அதற்கு முன், இது தொட்டி நாற்றம்தானா?

அழுகிய முட்டை வாடை வந்ததும் பிளாக் டேங்க் மேல், அதாவது டாய்லெட் கழிவு போகிற தொட்டி மேல், பழி போடுவது வழக்கம். ஆனால் கிட்டத்தட்ட அதே வாடை இன்னும் மூன்று இடங்களிலிருந்து வரும், அதில் இரண்டு ஆபத்தானவை. எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள், அதுவும் அழுகல் வாடைதான். சந்தேகம் வந்தால் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புவதுதான் முதல் வேலை, சுவிட்ச் தட்டுவதோ தீக்குச்சி கிழிப்பதோ கூடாது. அடுத்தது லெட்-ஆசிட் பேட்டரி. சார்ஜர் பழுதாகி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் பேட்டரியே அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியேற்றும், பெட்டி சூடாகவும் சில சமயம் உப்பியும் இருக்கும். கூடவே ஹைட்ரஜனும் வரும், அது தீப்பற்றும். டாய்லெட் பக்கம் வாடையே இல்லாமல் பேட்டரி இருக்கும் பக்கம் மட்டும் வந்தால் தொட்டியை மறந்துவிட்டு சார்ஜரைப் பாருங்கள்.

மூன்றாவது பெரிய ஆபத்தில்லாதது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் நாறுகிறது, பச்சைத் தண்ணீரில் இல்லை என்றால் அது வாட்டர் ஹீட்டர் வேலை. ஹீட்டர் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பியும், தண்ணீரிலுள்ள சல்பேட்டும், அதை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்வது. ஹீட்டரைக் காலி செய்து கழுவி, அலுமினியம்-துத்தநாகக் கம்பிக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்குத் தொட்டி மருந்து எவ்வளவு ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

இது எல்லாம் இல்லை, தொட்டிதான் என்று தெரிந்துவிட்டால், எங்கே நாறுகிறது என்பதைவிட எப்போது நாறுகிறது என்று கவனிப்பதுதான் வேகமான வழி. காரணம், மூக்கு சீக்கிரம் பழகிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலே தெரியும், ஆனால் கொஞ்ச நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தால் உணர்வு மங்கிவிடும், 100 பங்கு அளவுக்குப் போனால் வாடை தெரிவதே நின்றுவிடும். "இப்போ நாறலையே" என்று உள்ளே உட்கார்ந்திருப்பவர் சொல்வதை நம்பக்கூடாது. வெளியே போய்க் கால் மணி நேரம் நல்ல காற்றில் நின்றுவிட்டு, திரும்பி ஏறும்போது முதல் மூச்சில் என்ன வருகிறதோ அதுதான் சாட்சி.

டாய்லெட்டின் அடித் தட்டைத் திறக்கும் கால் மிதியை அழுத்தும்போது மட்டும் குப்பென்று முகத்தில் அடித்தால் அது காற்றழுத்தப் பிரச்சினை. சிங்க்கில் தண்ணீர் வடியும்போது குளுக் குளுக் என்று சத்தம் வந்து, பின்னாலேயே வாடையும் வந்தால் வென்ட் பைப், அதாவது தொட்டி வாயுவைக் கூரைக்கு மேலே விடும் குழாய், அடைத்திருக்கிறது. நிறுத்தி வைத்திருந்து பல நாள் கழித்துத் திறக்கும்போது என்றால் வடிகால் வளைவுகள், அதாவது தண்ணீர் தேங்கி நின்று வாடையைத் தடுக்கும் வளைந்த குழாய்கள், காய்ந்திருக்கின்றன. ஓட்டும்போது மட்டும் என்றால், ஒன்று வளைவுத் தண்ணீர் குலுங்கிக் கொட்டியிருக்கிறது, இல்லையென்றால் திறந்து வைத்த ஜன்னலோ கூரை விசிறியோ வண்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து, கிடைத்த ஓட்டை வழியாகத் தொட்டிக் காற்றை இழுக்கிறது. எப்போதும், எங்கும், ஒரே அளவில் நாறுகிறது என்றால் மட்டும்தான் விஷயம் கொஞ்சம் சிக்கல்.

கண்டுபிடிக்கும் வழிகளில் எது?

நான்கு வழி சொல்வார்கள். மூக்கு, தண்ணீர், டேப், புகை. மூக்கின் லட்சணத்தை மேலே பார்த்தோம். தண்ணீர் என்பது எல்லா வடிகால்களிலும், ஷவர், வாஷிங் மெஷின் குழாய் உட்பட, ஒரு குவளை ஊற்றி, டாய்லெட் கிண்ணத்திலும் தண்ணீர் நிறுத்தி, ஒரு இரவு விட்டுப் பார்ப்பது. காலையில் நாற்றம் போயிருந்தால் காய்ந்த வளைவுதான் குற்றவாளி. கிண்ணத்துத் தண்ணீர் இறங்கியிருந்தால் கிண்ணத்தின் அடியிலுள்ள ரப்பர் சீல். ஒரு பைசா செலவில்லாத சோதனை, ஆனாலும் பலர் இதைச் செய்யாமல் கூரை ஏறிவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது டேப். ஒவ்வொரு வடிகால் வாயையும் பிளாஸ்டிக் தாள் போட்டு டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள், டாய்லெட் கிண்ணத்தையும் சேர்த்து. வண்டியை நன்றாகக் காற்றாட விட்டு, பிறகு எல்லாவற்றையும் மூடி, சில மணி நேரம் விடுங்கள். நாற்றம் நின்றுவிட்டால் டேப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, எதைப் பிரித்ததும் திரும்புகிறது என்று பார்க்கலாம். எல்லாம் ஒட்டிய பிறகும் நாறுகிறதா? சரி, அப்படியென்றால் வடிகால் வாயே காரணமில்லை, சுவருக்குள் போகும் வென்ட் பைப்போ, சிங்க்குக்குக் கீழே ஒளிந்திருக்கும் காற்று வால்வோ, டாய்லெட் தரையோடு சேரும் இடத்துச் சீலோ. தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

புகைச் சோதனை அதற்கும் மேல். கூரை வென்ட் வாய்களைப் பையால் கட்டிவிட்டு, கழிவு வெளியேறும் குழாய் வழியாக இயந்திரப் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே விடுவார்கள், ஓட்டை எங்கேயோ அங்கே புகை எட்டிப் பார்க்கும். அழுத்தம் கூடிவிட்டால் வளைவில் இருக்கும் தண்ணீரையே தள்ளிக்கொண்டு வந்து, இல்லாத ஓட்டையைக் காட்டும், அதனால் பழகிய கை வேண்டும். ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. எரிவாயுக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, அறைக்குள் மட்டும் என்றால் பரவாயில்லை, தொட்டி வாய்க்குப் பக்கத்தில் எந்த நெருப்பும் வேண்டாம், உள்ளே மீத்தேன் இருக்கும், அதற்கு வாடையும் கிடையாது. புதினா எண்ணெய் வைத்தியமும் ஒன்று இருக்கிறது: கூரை வென்ட்டில் சில துளி விட்டு மேலே வெந்நீர் ஊற்றி, உள்ளே இன்னொருவர் எங்கே புதினா மணக்கிறது என்று தேடுவது. எண்ணெயைத் தொட்டவர் அதே கையோடு உள்ளே வந்துவிட்டால் வண்டி முழுக்கப் புதினாதான்.

டாய்லெட்: சீலை மாற்றுவதா, டாய்லெட்டையே மாற்றுவதா?

கிண்ணத்தின் அடியில் மிதியை அழுத்தினால் விலகுகிற தட்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அதன் மேல் நிற்கும் இரண்டு விரல் தண்ணீர்தான் உங்களுக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரே தடுப்பு. தண்ணீர் நிற்கவில்லை என்றால் டார்ச் அடித்து, கையுறை போட்டுக்கொண்டு, அந்தச் சீலின் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். பெரும்பாலும் கிழிசல் இருக்காது. பள்ளத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொருக்கும், ஊறிப் போன பேப்பர்த் துணுக்கும் அடைத்துக்கொண்டு தட்டைச் சரியாக மூட விடாமல் செய்திருக்கும். வினிகரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் சுரண்டி, சிலிக்கோன் கிரீஸ் தடவினால் பழையபடி பிடிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ரப்பரை ஊதிப் போகச் செய்யும், வேண்டாம்.

ரப்பர் கடினமாகிவிட்டது, வளைத்தால் வெடிப்பு தெரிகிறது என்றால் சீல் கிட் மாற்றுங்கள். டோமெட்டிக், தெட்ஃபோர்ட் போன்ற டாய்லெட் பிராண்டுகளின் பெரும்பாலான மாடல்களுக்கு உதிரி கிடைக்கும், மாடல் எண்ணைச் சரிபார்த்து வாங்கினால் போதும். முழு டாய்லெட்டையும் மாற்றுவது எப்போது நியாயம் என்றால், தட்டே கீறி வளைந்துபோயிருந்தால், அல்லது மிதியின் இயக்கம் தளர்ந்து தட்டு முழுசாகத் திரும்பி வரவில்லை என்றால். மற்றபடி "பழசு, நாறுகிறது" என்பதற்காக டாய்லெட்டையே தூக்கிப் போடுவது வீண்.

டாய்லெட் தரையோடு சேரும் இடத்திலும் ஒரு சீல் இருக்கிறது. உட்காரும்போது டாய்லெட் லேசாக ஆடினால் அங்கேதான் கசிகிறது. நட்டை ஒரே பக்கம் முறுக்கிவிடாமல் இரு பக்கமும் சமமாக இறுக்கிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் ரப்பர் அல்லது ஃபோம் சீல் புதிதாக. வீடுகளில் போடும் மெழுகு வளையத்தை இங்கே போடச் சொல்பவர்களிடம் கேட்காதீர்கள், ஓடும் வண்டியின் குலுக்கலும் வெயில் சூடும் சேர்ந்தால் மெழுகு உருமாறி வழிவிட்டுவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மிதியை அழுத்தினால் அடிக்கிறதா? மேலே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டு அழுத்திப் பாருங்கள். சின்ன அறை, கதவு சாத்தியிருக்கிறது, ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது, அதற்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், நீங்கள் தட்டைத் திறந்த அந்த நொடியில் தொட்டியிலிருந்தே வருகிறது. ஃபேனை நிறுத்து, அழுத்து, மூடு, அப்புறம் ஃபேனைப் போடு. இந்த ஒரு பழக்கம் பல பாட்டில்களுக்குச் சமம்.

வடிகால் வளைவும் காற்று வால்வும்

எல்லோரும் பிளாக் டேங்கையே திட்டினாலும், சிங்க்-ஷவர் தண்ணீர் சேரும் கிரே டேங்க் பல வண்டிகளில் அதைவிட மோசமாக நாறும். எண்ணெய், சோற்றுப் பருக்கை, சோப்புக் கசடு, முடி எல்லாம் அதில் ஊறுகிறது, அதற்கு யாரும் மருந்தும் போடுவதில்லை, கழுவுவதும் இல்லை. டாய்லெட்டுக்காவது தட்டு இருக்கிறது, இங்கே வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் காவல். வீட்டுச் சிங்க்கில் சுமார் 5 செ.மீ. ஆழம் நிற்கும், வண்டியில் ஷவருக்குக் கீழே இடம் இல்லாததால் அதைவிட ஆழம் குறைந்த வளைவைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள், அது ஒரு மலைப்பாதையில் குலுங்கியோ கோடையில் காய்ந்தோ காலியாகிவிடும்.

இங்கே தேர்வு மூன்று. பயணம் முடிந்து நிறுத்தியதும் ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது: அடிக்கடி உபயோகிப்பவர்களுக்கு இதுவே போதும். மாதக்கணக்கில் பூட்டி வைப்பவர்களுக்கு, ஆர்விக்கென்றே விற்கும் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த ஆன்டிஃப்ரீஸ், அது தண்ணீரைப் போல ஆவியாகிவிடாது, பனிக்காலத்தில் உறைந்து குழாயை உடைக்கவும் விடாது. சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள், அதுவே சிக்குப் பிடித்து வேறு வாடை கொடுக்கும். மூன்றாவது, வளைவையே எடுத்துவிட்டு ஹெப்வோ மாதிரி தண்ணீர் தேவைப்படாத வால்வு போடுவது. உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும், தண்ணீர் வரும்போது விரியும், நின்றதும் ஒட்டிக்கொள்ளும். குலுங்கினாலும் காய்ந்தாலும் கவலை இல்லை, இடமும் குறைவு. திசை பார்த்து, சரியான சாய்வில் பொருத்த வேண்டும், முடியோ கொழுப்போ சவ்வில் சிக்கினால் திறந்தே நின்றுவிடும். ஷவருக்கு நான் யோசிக்காமல் ஹெப்வோ சொல்வேன், சமையலறைச் சிங்க்குக்குத் தட்டில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டுக் கழுவும் பழக்கம் இருந்தால் மட்டும்.

அடுத்து, பலருக்கு இருப்பதே தெரியாத ஒன்று. சிங்க்குக்குக் கீழே, குப்பைக் கூடைக்குப் பின்னால், குழாயின் தலையில் காளான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி திருகியிருக்கும். தண்ணீர் வடியும்போது காற்றை உள்ளே விடவும், தொட்டிக் காற்றை வெளியே விடாமல் தடுக்கவும் இருக்கிற ஒருவழி வால்வு. பல வண்டிகளில் ஆலையிலேயே போட்டு அனுப்புவது ஸ்பிரிங் வைத்த மலிவு ரகம், நாளாவட்டத்தில் ஸ்பிரிங் ஒட்டிக்கொள்ளும், ரப்பர் இறுகிவிடும், அலமாரியைத் திறந்தால் வாடை வரும். அதன் தலையில் பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். நாற்றம் நின்றால் குற்றவாளி அதுதான். மாற்றும்போது அதே ஸ்பிரிங் ரகத்தை வாங்காமல், தன் எடையில் தானே மூடிக்கொள்ளும் சவ்வு ரகத்தை, வளைவிலிருந்து போகும் கிடைக் குழாயைவிட குறைந்தது 10 செ.மீ. உயரத்தில், செங்குத்தாக வைத்துப் பொருத்துங்கள். கையால் திருகும் வேலை, திருகு மரையில் கொஞ்சம் டெஃப்ளான் டேப். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதை மிஞ்ச வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

கூரை: சாதா மூடியா, சுழல் மூடியா, விசிறியா?

ஆர்வி கடைகளில் அதிகம் விளம்பரம் ஆகிற பகுதி இதுதான், எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும் பகுதியும் இதுதான். தொட்டியிலிருந்து கூரைக்கு ஒரு பைப் போகிறது, அது வழியாக வாயு வெளியேற வேண்டும். அதன் தலைக்குப் புது மூடி வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள்.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் குளவிக் கூடு, இலை, சில சமயம் கூரை வேலை செய்தபோது வழிந்த சீலன்ட் என எதையாவது காணலாம். அதைவிட வேடிக்கையான பழுது ஒன்று உண்டு. தொட்டியின் மேல் பக்கத்தில் ரப்பர் வளையத்துக்குள் சொருகியிருக்கிற பைப், குலுக்கலில் மெல்ல வழுக்கித் தொட்டிக்குள் இறங்கிவிடும். தொட்டி காலியாக இருக்கும்போது எந்தப் பிரச்சினையும் தெரியாது. பாதிக்கு மேல் நிரம்பியதும் பைப்பின் வாய் திரவத்துக்குள் மூழ்கிவிடுகிறது, வாயுவுக்கு வெளியேற வழி இல்லை, மிதியை அழுத்தியதும் மொத்தமும் உங்கள் முகத்துக்கு வருகிறது. "காலி செய்த மறுநாள் நன்றாக இருக்கிறது, தொட்டி நிரம்ப நிரம்ப நாறுகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும். கூரையிலிருந்து பைப்பைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், ஏறி வருகிறதென்றால் தேவையான அளவு உயர்த்தி, மேலே மிஞ்சுவதை வெட்டி, மறுபடி இறங்காதபடி பிடிமானம் கொடுத்துவிட்டால் முடிந்தது. இதற்குச் சுழல் மூடி வாங்கிப் போட்டிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

பைப் சுத்தமாக இருந்து, அதன் பிறகும் காற்றில் வாடை திரும்பி வருகிறதென்றால் மூடிகளை ஒப்பிடலாம். காற்று வீசும் திசைக்குத் திரும்பி, பின்பக்கமாக இழுத்துவிடும் சுழல் மூடி, மின்சாரம் வேண்டாம், காற்றடிக்கும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். காற்றே இல்லாத மரத்தடியில் சும்மா நிற்கும், தூசி அடைந்தால் சுழலாது, தாழ்ந்த கிளை ஒன்று பட்டால் உடைந்துவிடும். 12 வோல்ட் சின்ன விசிறி வைத்த மூடி காற்றை நம்பாது, தொட்டியில் அழுத்தத்தை எப்போதும் குறைத்தே வைத்திருப்பதால் சின்னச் சின்னக் கசிவுகள் இருந்தாலும் அறைக் காற்றுதான் தொட்டிக்குள் போகும், அங்கிருந்து எதுவும் வெளியே வராது. அதற்கு ஒயர் இழுக்க வேண்டும், கூரையில் இன்னொரு ஓட்டை என்றால் மழைத்தண்ணீருக்கும் ஒரு வாய்ப்பு. கரி வடிகட்டி வைத்த மூடி, தொட்டிக் காற்று பக்கத்து வண்டிக்காரருக்குப் போகாமல் இருக்க நல்லது, ஆனால் காற்றோட்டத்தைக் குறைக்கும், கரியும் அவ்வப்போது மாற்ற வேண்டியது. நிரந்தரமாக வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்கு விசிறி, விடுமுறைக்கு மட்டும் எடுப்பவர்களுக்குச் சாதா மூடியே போதும்.

கேசட் டாய்லெட் கதை வேறு. கையால் உருவி எடுத்துக் காலி செய்யும், 20 லிட்டர் அளவுள்ள சின்னப் பெட்டி, பெரும்பாலும் கூரை வென்ட்டே இல்லை, திறந்தாலே வாடை அறைக்குள்தான். அங்கே எஸ்.ஓ.ஜி. மாதிரி, தட்டைத் திறக்கும்போது சின்ன விசிறி ஓடி, கரி வடிகட்டி வழியாக வெளியே இழுத்துவிடும் அமைப்பு மிகவும் உபயோகமானது, அதைப் போட்டபின் மருந்தே ஊற்றாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், கழிவு வென்ட்டுக்குப் பக்கத்திலேயே கூரை ஜன்னல் இருந்து, அதில் விசிறி காற்றை உள்ளே இழுக்கும்படி ஓடினால், நீங்களே கூப்பிட்டு உள்ளே விடுகிறீர்கள். அந்த விசிறியை வெளியே தள்ளும் பக்கம் மாற்றி, எதிர்ப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

மருந்து: எதற்கு எது?

வழியெல்லாம் அடைத்த பிறகுதான் இந்த அலமாரிக்கு வர வேண்டும். கொல்லும் ரகம், தின்னும் ரகம், திசை திருப்பும் ரகம் என்று மூன்று.

கொல்லும் ரகத்தில் ஃபார்மால்டிஹைடு பழைய ராஜா. எல்லா பாக்டீரியாவையும் கொல்வதால் வாயு உற்பத்தி நிற்கும், வேகமாகவும் வேலை செய்யும். ஆனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. அதை 2004-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது, தவிர நீங்கள் கொட்டும் இடத்திலுள்ள செப்டிக் டேங்க்கின் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். ஆர்வி நிறுத்தித் தங்கும் பல முகாம்களில் அனுமதி இல்லை. லேபிளில் இந்தப் பெயர் இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன்.

தின்னும் ரகம் என்சைமும் பாக்டீரியாவும். கழிவையும் பேப்பரையும் கரைக்கும், கொட்டும் இடத்துக்குக் கேடில்லை. ஆனால் பாக்டீரியா உயிருள்ளது, பாட்டிலைத் திறந்து ஊற்றிய மறுநிமிடம் மாயம் நடக்காது, தண்ணீர் நிறைய வேண்டும், நேரம் வேண்டும், உறையும் குளிரிலும் தொட்டி கொதிக்கும் வெயிலிலும் சுணங்கிவிடும். நேற்று பிளீச் ஊற்றிவிட்டு இன்று என்சைம் ஊற்றுவது காசைக் கொட்டுவது. தொடர்ந்து ஒரே இடத்தில் தங்குபவர்களுக்கு இது பொருத்தம்.

திசை திருப்பும் ரகம் நைட்ரேட். நகராட்சிச் சாக்கடைகளிலும் இதே உத்திக்குக் கால்சியம் நைட்ரேட் சேர்க்கிறார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. நைட்ரேட் கிடைத்தால் முதலில் அதைத்தான் எடுக்கும், அது இருக்கும்வரை முட்டை வாடை வராது. வெயில் காலத்தில் என்சைம் ரகம் கைவிட்ட இடத்தில் இது நிற்கும். குறுகிய பயணம், கடும் வெயில் என்றால் என் ஓட்டு இதற்கு.

பிளீச்சையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது, கிரே டேங்கில் எப்போதாவது நீர்த்த அளவில் ஊற்றிக் கழுவலாம், பிளாக் டேங்கில் கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் வாயு வரும், அது மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கும், ரப்பர் சீல்களும் சீக்கிரம் போகும்.

இவை எல்லாவற்றையும்விடத் தண்ணீர் முக்கியம். காலி செய்ததும் தொட்டியின் அடி மறையும் அளவுக்கு, 10 முதல் 15 லிட்டர், ஊற்றி வைக்காமல் எந்த மருந்து போட்டும் பயனில்லை. முகாமில் கழிவுக் குழாய் இணைத்திருக்கும்போது பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே விட்டுவிடுவார்கள் சிலர், சௌகரியம் என்று. திரவம் ஓடிவிடும், கெட்டியானது மிதிக்கு நேர் கீழே குவிந்து காய்ந்து கோபுரமாகும், பிறகு அது எந்த மருந்துக்கும் அசையாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை மூடி வைத்து, ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும், அந்த வேகம்தான் அடியை அடித்துக்கொண்டு போகும். கிரே டேங்க் வால்வையும் திறந்தே விடாதீர்கள், முகாம் சாக்கடையின் காற்றும் பூச்சியும் உங்கள் சிங்க்குக்கு நேராக வரும்.

ஏற்கெனவே கோபுரம் எழும்பிவிட்டால், முதலில் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, என்சைம் போட்டு, சில நாள் ஊற விடுவது, பிறகு டாய்லெட் வழியாக நீளக் கோல் தெளிப்பானால் அடிப்பது, அதற்கும் மசியவில்லை என்றால் உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்கும் ஆளைக் கூப்பிடுவது. வண்டியிலேயே பொருத்தியிருக்கும் உள் தெளிப்பான் வாராவாரக் கழுவலுக்கு நல்லது, இறுகியதை உடைக்காது. அதை ஓட்டும்போது வெளியேற்றும் வால்வு மூடியிருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள், மறந்துபோனால் தொட்டி நிறைந்து கூரை வென்ட் வழியாகவோ டாய்லெட் வழியாகவோ பொங்கிவிடும்.

கையில் இருக்கும் பணத்துக்கு வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன்: முதலில் ஃபேன் பழக்கம், தண்ணீர், டேப் சோதனை, இவற்றுக்குச் செலவே இல்லை. அடுத்து காற்று வால்வும் டாய்லெட் சீலும். மூன்றாவது, கூரை ஏறிப் பைப்பைப் பார்ப்பது. மருந்து நான்காவது, சுழல் மூடி, விசிறி எல்லாம் கடைசி. கேசட் டாய்லெட் என்றால் மட்டும் விசிறியை மேலே தூக்கி வைக்கலாம்.

இத்தனையும் செய்து, எல்லா வாயையும் டேப்பால் மூடிய பிறகும், வெயில் ஏற ஏற தரைப்பக்கத்திலிருந்து வாடை எழும்புகிறதென்றால் அடிப்பக்கப் பலகையைக் கழற்றியே ஆக வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிட சுமார் 1.2 மடங்கு கனம், தாழ்ந்த இடத்தில் தங்கும். எப்போதோ தொட்டி நிரம்பி வழிந்து, மேல் மூட்டு வழியாகக் கசிந்து, வெப்பத்தையும் குளிரையும் தடுக்கத் தொட்டிக்கு மேலே அடைத்து வைத்த பஞ்சில் ஊறிக் கிடக்கலாம். அந்தப் பஞ்சை அப்படியே உருவி எறிந்துவிட்டு, மூட்டைச் சரிசெய்து, இடத்தைக் கழுவிக் காயவிட்டு, அதன் பிறகுதான் புதுப் பஞ்சு வைக்க வேண்டும்.